கேண்டீன் பக்கத்துச் சுவர்

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

மூன்றாவது கூட்டமும் முடிந்தது. சுவர் இன்னும் வெறுஞ்சுவர்தான்.

அறுபது அடி நீளம், பத்தடி உயரம். பள்ளி கேட்டில் தொடங்கிக் கேண்டீன் ஜன்னலில் முடிகிறது. இந்த ஒரு மாதத்தில் நானும் பிள்ளைகளும் பாதியாவது வரைந்திருப்போம். ஆனால் சமூகத்தின் கருத்தைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று தலைமையாசிரியர் திருமுருகன் சார் சொல்லிவிட்டார். கேட்டாயிற்று. பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் தங்கமணி அண்ணன், சோழர் கடாரத்துக்கு வந்த கப்பல் வேண்டும் என்கிறார். கூடவே ஒரு லோரி. போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் அவருக்குப் பதினோரு லோரி ஓடுகிறது, வேறென்ன கேட்பார்? பள்ளி வாரியத்துக்காரர் ஒருவர் யாழ் கேட்டார். யாழ் எப்படி இருக்கும் என்று கேட்டேன். போனில் தேட ஆரம்பித்தார். இன்னொருவருக்கு மயில். மயில் இல்லாத தமிழ்ப்பள்ளிச் சுவர் இந்த நாட்டில் எங்காவது இருக்கிறதா?

அப்புறம் உபயம். சாய டின் வாங்கித் தந்த ஒவ்வொருவருக்கும் சுவரில் பெயர் வர வேண்டுமாம். கோயில் டியூப் லைட்டில் பெயர் எழுதி எழுதி வெளிச்சமே வராமல் போன கதைதான் இங்கேயும் நடக்கப் போகிறது.

ஓவிய ஆசிரியை நான். என் கருத்தை ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் கூட்டக் குறிப்பு எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

இன்று எனக்கொரு யோசனை வந்தது. பெரியவர்களை விட்டுவிட்டு எழுபத்தொரு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தேன். சுவரின் கடைசிப் பகுதியில் ஒருவரை வரையப் போகிறோம், யாரை வரையலாம்?

நாற்பத்து மூன்று சீட்டில் ஒரே பெயர். சிலர் 'மைமூன் ஆன்டி', சிலர் 'கேண்டீன் ஆன்டி', ஒரு முதலாம் ஆண்டு வாண்டு எழுத வராமல் கேண்டீனில் விற்கும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை வரைந்து கொடுத்திருந்தது. அதையும் சேர்த்துத்தான் எண்ணினேன்.

நியாயம்தான். ஒன்பது வருடமாகக் கேண்டீன் நடத்துகிறார் மைமூன் அக்கா. எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்தது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். வெள்ளிக்கிழமை சைவம் சாப்பிடும் பிள்ளைகளுக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி. அந்தக் கரண்டியை வேறு யாரும் தொட்டால் அவருக்குக் கோபம் வரும். இது ஒருவரும் கேட்டுச் செய்ததில்லை.

19 ஆகஸ்ட், செவ்வாய்

கூட்டத்தில் சீட்டுகளைக் கொட்டினேன். தங்கமணி அண்ணன் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். "நல்ல மனுஷிதான் டீச்சர், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா நம்ம பண்பாடுன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார்.

கோபத்தில் எனக்குக் காது சுட்டது. பசித்த பிள்ளைக்குச் சோறு போடுவது எந்த ஊர்ப் பண்பாடு என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. திருமுருகன் சார் நடுவில் வந்து, கப்பலும் இருக்கட்டும், மயிலும் இருக்கட்டும், கேண்டீன் பக்கம் மைமூன் இருக்கட்டும் என்று தீர்த்து வைத்தார். யாழ் மட்டும் விழுந்துவிட்டது.

ஜெயித்துவிட்டேன். முதல் தடவையாக.

22 ஆகஸ்ட், வெள்ளி

மைமூன் அக்காவைப் போனில் படம் எடுத்தேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "எதுக்கு டீச்சர்?" என்றார். பள்ளி ஆண்டிதழுக்கு என்று சொல்லி வைத்தேன். திறப்பு நாள் வரை சர்ப்ரைஸாக இருக்கட்டும். பிள்ளைகளிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

13 செப்டம்பர், சனி

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. காலையிலேயே பிள்ளைகள் வந்துவிட்டார்கள், பெற்றோர் இரண்டு பேர். வருகிறேன் என்று கை தூக்கியவர்கள் இருபத்தாறு பேர். கருத்துச் சொல்ல மட்டும் கூட்டம் கூட்டமாக வருவார்கள்.

துறைமுகத்துக் கிரேனைப் பிள்ளைகள் அருமையாக வரைந்திருந்தார்கள். மத்தியானம் தங்கமணி அண்ணன் வந்து பார்த்துவிட்டு, ஒட்டகச்சிவிங்கி எதற்கு என்றார். தினமும் அந்தக் கிரேனுக்குக் கீழேதான் அவர் லோரி நிற்கிறது!

சாயங்காலம் மழை. கப்பலின் பாய்மரம் வழிந்து மயில் மேல் இறங்கிவிட்டது.

21 செப்டம்பர், ஞாயிறு

கேட்டிலிருந்து நாற்பத்தெட்டு அடி முடிந்தது. கடைசிப் பன்னிரண்டு அடி மிச்சம். அதை நீலத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன். உடம்பு, முக்காடு, கையில் கரண்டி, எல்லாம் நானே வரைந்துவிட்டேன். முகம் மட்டும் வரமாட்டேன் என்கிறது. ஏழடி உயரத்தில் ஏணியில் நின்றுகொண்டு வரைந்து, கீழே இறங்கிப் பார்த்தால் யாரோ ஒரு பெண். மூன்று தடவை அழித்தாயிற்று.

பள்ளியைத் துப்புரவு செய்யும் கிருஷ்ணம்மாள் அக்கா ஒரு வழி சொன்னார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கோயிலில் கோபுர வேலை நடக்கிறதாம். அங்கே தமிழ்நாட்டிலிருந்து வந்து சாயம் தீட்டும் பக்கிரிசாமி அண்ணன் அவருக்குத் தெரிந்தவராம். கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

28 செப்டம்பர், ஞாயிறு

பக்கிரிசாமி அண்ணன் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்கு வந்தார். அவருடைய ஒரே ஓய்வு நாள். மயிலாடுதுறைப் பக்கத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். போனில் இருந்த படத்தை ஒரு நிமிடம் பார்த்தார், ஏணியில் ஏறினார். பன்னிரண்டு மணிக்குள் முகம் வந்துவிட்டது.

வந்தது. ஆனால் முப்பது வருடம் அம்மனையே எழுதிய கை அது. மைமூன் அக்காவுடைய சின்னக் கண் காது வரை நீண்டது. கன்னம் பளபளவென்று ஆனது. பழக்க தோஷத்தில் மூக்குத்தி வேறு வைத்துவிட்டார், வேண்டாம் என்று அழிக்கச் சொன்னேன். கருவிழியை மட்டும் எழுதாமல் இறங்கி வந்து, ஒரு எலுமிச்சம்பழமும் சூடமும் கேட்டார்.

இது சாமி இல்லைண்ணே, எங்கள் கேண்டீன் அக்கா என்று சொன்னேன்.

"யாரா இருந்தா என்னம்மா. கண்ணு தொறக்கும்போது செய்யுறதைச் செஞ்சுதான் ஆகணும்."

கிருஷ்ணம்மாள் அக்கா ஓடிப்போய் வாங்கி வந்தார். சூடம் காட்டி, பழத்தை நசுக்கிப் போட்டு, ஏறிக் கண்ணைத் திறந்தார். எனக்கு என்னவோ போலிருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமையை எங்களுக்காக விட்டுவிட்டு வந்த மனிதரிடம் எப்படி மறுப்பது? நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லித் தார்ப்பாயை இழுத்து மூடினேன். வெள்ளிக்கிழமை திறப்பு.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூசை. பள்ளியில் பூசை முடியும் முன்பே, மூன்று மணிக்கு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன், தலைவலி.

இப்போதுதான் போனைப் பார்க்கிறேன். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் தங்கமணி அண்ணன் ஒரு படம் போட்டிருக்கிறார். தார்ப்பாய் விலகியிருக்கிறது. மைமூன் அக்காவின் நெற்றியில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். முக்காட்டுக்கு மேலே ஆணியடித்து மாலை. கீழே வாழைப்பழம், ஊதுபத்தி. படத்துக்கு அடியில் எழுதியிருக்கிறார், 'நம் பள்ளியின் அன்னபூரணி.' எண்பத்திரண்டு பேர் கும்பிடு போட்டிருக்கிறார்கள்.

அந்தக் குழுவில் மைமூன் அக்காவும் இருக்கிறார்.

ஐயோ. என்ன பண்ணி வச்சிருக்காங்க. நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்.

மூன்று தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

2 அக்டோபர், வியாழன்

கேண்டீன் பூட்டிக் கிடந்தது. ஒன்பது வருடத்தில் இதுதான் முதல் தடவை. பிள்ளைகளுக்குப் பிஸ்கட் கொடுத்தோம்.

பொட்டு வைத்தது கிருஷ்ணம்மாள் அக்காதானாம். அவரிடம் கத்திவிட்டேன். அவருக்கு ஏன் கத்துகிறேன் என்றே புரியவில்லை. "கேட்டுக்கு வெச்சேன், தொடப்பத்துக்கு வெச்சேன், ஆபீஸ்ல ஃபோட்டோஸ்டேட் மிசினுக்கும் வெச்சேன். புதுப் படம், கண்ணு தொறந்த மொகம், அதுக்கு வெக்காம எப்படி டீச்சர் வருவேன்?" என்றார். உண்மைதான். ஆபீஸில் போய்ப் பார்த்தேன். ஃபோட்டோஸ்டேட் மிஷினில், கணினியில், திருமுருகன் சாரின் கார் சாவியில்கூடச் சந்தனம். கிருஷ்ணம்மாள் அக்கா மைமூன் அக்காவோடு தினமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பவர். அவமதிக்க நினைத்திருந்தால்தான் வைக்காமல் விட்டிருப்பார்.

இதை யாரிடம் போய்ச் சொல்ல? யார் மேல் கோபப்பட?

3 அக்டோபர், வெள்ளி

திறப்பு விழா ரத்து. அவசரக் கூட்டம். முகத்தை அழித்துவிடலாம் என்றேன். பொட்டு வைத்த முகத்தில் சாயம் அடித்தால் பாவம் என்றார் வாரியத்துக்காரர். கூலிக்கு ஆள் பிடிக்கலாமா என்று திருமுருகன் சார் கேட்டார். படத்தைக் குழுவில் பார்த்துவிட்ட எந்தப் பெயின்டரும் வரமாட்டான் என்றார்கள்.

அப்புறம் தங்கமணி அண்ணன் சமாதானத்துக்கு வழி சொன்னார். "ஏன் டீச்சர் வீணாக்கணும்? அந்த முக்காட்டை மட்டும் கொண்டையா மாத்திட்டா தமிழ்த்தாய் ஆயிரும்லா. யாருக்கும் பிரச்சினை இல்ல."

எழுந்து வெளியே வந்துவிட்டேன். இன்னும் ஒரு நிமிடம் இருந்திருந்தால் அழுதிருப்பேன். அவர்கள் முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை.

4 அக்டோபர், சனி

மைமூன் அக்கா வீட்டுக்குப் போனேன். மேரு ரோட்டுப் பக்கம், மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது அவர் கணவர் சலாவுதீன். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை. இன்று கடைக்குப் போகவில்லை. கடையில் எல்லார் போனிலும் அந்தப் படம் வந்துவிட்டதாம். அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. வெயில் அதிகம் என்று சொல்வது போலச் சொல்லிவிட்டு, என்னை உட்காரச் சொல்லி உள்ளே போய்விட்டார்.

மைமூன் அக்கா டீ கொண்டு வந்து வைத்தார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். பிள்ளைகளின் சீட்டு, கூட்டத்தில் நான் போட்ட சண்டை, கோபுரப் பெயின்டர், கிருஷ்ணம்மாள் அக்காவின் ஃபோட்டோஸ்டேட் மிஷின். எனக்காகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று பாதியில் எனக்கே தெரிந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். "கிருஷ்ணம்மா மேல எனக்கு ஒண்ணுமில்ல. அது பாசத்துல வெச்சது. புள்ளைங்கள கேட்டீங்க, தங்கமணி அண்ணன கேட்டீங்க, வாரியத்த கேட்டீங்க. என்னைய ஒரு வார்த்த கேக்கலியே டீச்சர். நான் பக்கத்து ஜன்னல்லதான நின்னேன்."

சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்ததாகச் சொன்னேன். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று கேட்டேன்.

"வேணாம்னு சொல்லியிருப்பேன். எங்களுக்கு மொகம் எழுதி மாட்டுறது பழக்கமில்ல. வேணாம்னு சொல்றதுக்கும் ஒரு எடம் குடுக்கணும்ல?"

ஆண்டிதழுக்கு என்று பொய் சொல்லிப் படம் எடுத்தது நினைவுக்கு வந்தது. அதையும் சொல்லிவிட்டேன். தெரியும் என்று தலையசைத்தார்.

அந்த இடத்தில் என்ன வரைய வேண்டும், நீங்களே சொல்லுங்கள் என்றேன். ஒன்றும் வேண்டாம், வெள்ளையாக விடுங்கள் என்றார். திரும்ப வருவீர்களா என்று கேட்டதற்கு டீ கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்தார். கீழே வரை வந்து வழியனுப்பினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

5 அக்டோபர், ஞாயிறு

காலை எட்டு மணிக்கு ஏணி, ரோலர், வெள்ளைச் சாயத்தோடு போனேன். போய் நின்றேன். அந்தக் கண் என்னையே பார்க்கிறது. நான் ஒன்றும் பெரிய பக்தை கிடையாது, ஆனால் கை வரவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். அரை மணி நேரம் சாயத்தைச் சும்மா கிளறிக்கொண்டிருந்தேன்.

கிருஷ்ணம்மாள் அக்கா வாளியோடு வந்தார். நான் வரச் சொல்லவில்லை. "வெச்சது நானு. எடுக்கறதும் நானே எடுக்குறேன். பொட்ட அழிக்கிறோம்னு மட்டும் சொல்லாதீங்க டீச்சர், அது ஆகாத வார்த்த" என்றார். ஏணியில் ஏறி, மாலையைக் கழற்றி, ஈரத் துணியால் சந்தனத்தை ஒத்தி ஒத்தி எடுத்தார், குழந்தைக்கு முகம் துடைப்பது போல. மன்னிச்சுக்கோ மைமூன் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அதற்கப்புறம் எனக்குக் கை வந்தது.

கண் இரண்டு பூச்சில் போய்விட்டது. குங்குமம் போகவில்லை. வெள்ளை காயக் காய நெற்றி இருந்த இடத்தில் ரோஸ் நிறம் ஊறி மேலே வருகிறது. மூன்றாவது பூச்சு, மறுபடியும் ரோஸ். கடைசியில் அந்த இடத்தைச் சிமெண்டு தெரியச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினேன். என் நகமெல்லாம் போச்சு. சாயங்காலம் ஐந்து மணிக்குச் சுவர் வெள்ளையானது.

8 அக்டோபர், புதன்

கூட்டம். வேறென்ன.

பாதியில் விட்ட மாதிரி இருக்கிறது, இன்னொரு மயிலாவது போடுங்கள் என்கிறார் திருமுருகன் சார். தீபாவளி விருந்துக்கு அதிகாரிகள் வருகிறார்களாம். நான் முடியாது என்றேன். மைமூன் அக்கா வெள்ளையாக விடச் சொன்னார், வெள்ளையாகத்தான் இருக்கும். வேறு யாராவது தூரிகையை எடுத்தால் நான் ஓவியப் பொறுப்பையே விட்டுவிடுவேன் என்றேன்.

அவர் சொன்னால் வெள்ளை, நான் சொன்னால் லோரி கூடாதா என்று தங்கமணி அண்ணன் கேட்டார். லோரிதான் எட்டடிக்கு நிற்கிறதே என்றேன். அது சின்ன லோரி என்றார். நிஜமாகவே வருத்தமாக இருந்தார். குழுவில் படம் போட்டது தப்பு என்று அவருக்கும் தெரிகிறது, ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை. கூட்டம் முடிந்து கார் வரைக்கும் வந்து, அவங்க வீட்டு நம்பர் என்ன டீச்சர் என்று மட்டும் கேட்டார். கொடுத்தேன்.

15 அக்டோபர், புதன்

இன்றும் கேண்டீன் பூட்டு. வெளியிலிருந்து ரொட்டிப் பொட்டலம் வருகிறது. பாதி ரொட்டி குப்பைத் தொட்டியில்.

விருந்துக்கு வந்த அதிகாரி அந்த வெள்ளைப் பகுதியைக் காட்டி, எப்போது முடியும் என்று கேட்டார். திருமுருகன் சார் என்னைப் பார்த்தார். நான் பலகாரத் தட்டைப் பார்த்தேன்.

27 அக்டோபர், திங்கள்

கேண்டீன் திறந்திருந்தது.

28 அக்டோபர், செவ்வாய்

நேற்று எழுதத் தோன்றவில்லை. அக்கா ஜன்னலில் நின்றார், வழக்கம் போல. நேரே போய்ப் பேசத் தைரியமில்லாமல் வரிசையில் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றேன். என் முறை வந்ததும் ஒரு மீகூன் சேமியாப் பொட்டலத்தை நீட்டி, "சம்பால் போடல, ஒங்களுக்குக் காரம் ஒத்துக்காது" என்றார். அவ்வளவுதான். பழைய மாதிரி இல்லை. கிருஷ்ணம்மாள் அக்காவோடு மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்.

19 நவம்பர், புதன்

எரிச்சலாக வருகிறது. ஜன்னலுக்கு நிற்கும் வரிசை அந்த வெள்ளைச் சுவரை ஒட்டித்தான் போகிறது. மூன்றடி உயரத்தில் வரிசையாகக் கைத்தடம். சம்பால், எண்ணெய், மைலோ. எத்தனை தடவை சொல்வது, சுவரில் சாயாதீர்கள் என்று? ஒரு வாளித் தண்ணீர் எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். எண்ணெய்க் கறை போகவில்லை.

16 ஜனவரி 2026, வெள்ளி

புதிய பள்ளி ஆண்டின் முதல் வாரம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் பதினான்கு பேர் இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். முதலாம் ஆண்டுக்குப் பன்னிரண்டு பேர் வந்திருக்கிறார்கள். அடுத்த வாரம் பள்ளியில் பொங்கல் விழா. கேண்டீன் சுவர் அசிங்கமாக இருக்கிறது, அதற்குள் ஒரு பூச்சு அடித்துவிடுங்கள் என்று திருமுருகன் சார் காலையில் கூப்பிட்டுச் சொன்னார். இந்தத் தடவை அவர் சொன்னது சரிதான். நான் பார்த்தாலே கூசுகிறது.

சாயமும் ரோலரும் எடுத்துக்கொண்டு போனேன். டின்னைத் திறக்கும் முன் ஜன்னலுக்குப் போய், "அக்கா, வெள்ளை அடிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அக்டோபருக்குப் பிறகு அந்தச் சுவருக்கு முன்னால் அவர் வந்து நின்று நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார். பிறகு ஒரு கறையைத் தொட்டார்.

"இது லோகேஸ்வரி. எடது கையால செவுத்தப் புடிச்சிட்டு ஒத்தக் கால்ல நிப்பா. இது அவ பின்னாடி நிக்கிற ரெட்டைப் பசங்க, ரெண்டும் ஒரே உசரம். அந்தக் கீழ இருக்கிறது புதுசு, திங்கக்கிழமை வந்த புள்ள, இன்னும் பேர் தெரியல." மறுபடியும் முதல் கறைக்கு வந்தார். "லோகேஸ்வரி போன மாசத்தோட பெரிய ஸ்கூலுக்குப் போயிட்டா. விடுங்க டீச்சர். எனக்கு எல்லாக் கையும் தெரியும்."

மூடியை டின்னின் மேல் வைத்து அமுக்கினேன். திருமுருகன் சாரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். பத்து மணிக்கு மணி அடித்தது. பிள்ளைகள் ஓடி வந்து வரிசையில் நின்று, சுவரில் கையை வைத்தார்கள்.